ஷஹீதின் கடன்

இறைவன் பாதையில் உயிர் துறந்த ஷஹீத் ஒருவருடைய பாவங்கள், அவர் உடலினின்று குருதி முதன்முதலாகப் பீறிடும் கணத்திலேயே மன்னிக்கப்பட்டுவிடுகின்றன என்பது, கற்றோர் கல்லாதோர் என்னும் பேதமின்றி முஸ்லிம் உலகம் முழுவதும் நெடுங்காலமாகப் போற்றிவரும் நம்பிக்கையாகும். மிக்தாம் இப்னு மஃதீகரிப் (ரலி) அவர்கள் வாயிலாக வந்து, இமாம் திர்மிதீயின் தொகுப்பில் இடம்பெற்றிருக்கும் நபிமொழி ஒன்று இதற்கு நேரான ஆதாரம். ஆனால் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இதே மன்னிப்பைப் பற்றிப் பிறிதோரிடத்தில் பேசுகையில், ஒரே ஒரு விலக்கையும் உடன் கூறினார்கள். கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றும் அவ்விலக்கினுள்ளேதான், பாவம் என்பது யாது, அதனை மன்னிக்கும் உரிமை யாருக்கு உண்டு என்னும் பெரிய வினாக்களுக்கு விடை பொதிந்து கிடக்கிறது. மன்னிப்பை மட்டும் முழங்கி விலக்கை மறைத்துவிடும் பிரசாரங்கள் மலிந்துவிட்ட இந்நாளில், இவ்விஷயத்தை அடியிலிருந்து எடுத்து ஆராய்வது அவசியம் என்று கருதுகிறேன்.

திருக்குர்ஆனிலிருந்து தொடங்குவோம். உஹதுப் போரையொட்டி இறங்கிய வசனங்கள் பலவற்றைக் கொண்ட ஆலு இம்ரான் என்னும் மூன்றாவது அத்தியாயத்தில், இறைவன் பாதையில் கொல்லப்படுவோர்க்குக் கிட்டும் மன்னிப்பும் அருளும் உலகோர் சேர்த்துவைக்கும் செல்வங்கள் அனைத்தினும் மேலானவை என்று 157ஆம் வசனம் கூறுகிறது. அவர்களை இறந்தவர்களாக எண்ணலாகாது, தம் இறைவனிடத்தில் உணவளிக்கப்பட்டு அவர்கள் வாழ்ந்திருக்கிறார்கள் என்று 169ஆம் வசனம் தெரிவிக்கிறது. 195ஆம் வசனத்தைச் சற்று நிதானித்துப் படிக்க வேண்டும். தீமைகள் அழிக்கப்படுவோர் இன்னார் என்று சொல்லுமிடத்தில், நாடு துறந்தவர்களும், இல்லங்களினின்று விரட்டப்பட்டவர்களும், இறைவன் பாதையில் துன்புறுத்தப்பட்டவர்களும் முதலில் வருகிறார்கள். போரிட்டவர்களும் கொல்லப்பட்டவர்களும் அவர்களுக்குப் பின்னரே வருகிறார்கள். சரித்திரமும் இவ்வரிசையிலேயே நடந்திருக்கிறது. மக்காவில் போருக்கே அனுமதி இல்லாதிருந்த காலத்தில், அடிமைப் பெண்ணாக வாழ்ந்த சுமைய்யா (ரலி) அம்மையார், தம் விசுவாசத்தைக் கைவிட மறுத்தமைக்காக அபூஜஹ்லின் கையால் கொல்லப்பட்டார். இஸ்லாத்தின் முதல் ஷஹீத் என்று சரித்திர ஆசிரியர்கள் பெரும்பாலும் குறிப்பிடுவது அந்த முதிய பெண்மணியைத்தான். வாளேந்திய வீரர் எவரையும் அன்று.

மன்னிப்புக்கு ஷஹாதத்தாகிய உயிர்த்தியாகம் ஒன்றே வழியென்று குர்ஆன் எங்கும் சொல்லவில்லை. தமக்குத் தாமே அநீதி இழைத்துக்கொண்டவர்கள் இறைவனுடைய அருளில் நம்பிக்கை இழக்க வேண்டாம் என்று ஸுமர் அத்தியாயத்தின் 53ஆம் வசனம் ஆறுதல் அளிக்கிறது. இணைவைத்தலாகிய குற்றத்தோடு மடிந்தவர் நீங்கலாக, மற்றெவரையும் தான் நாடினால் மன்னிப்பதாக நிஸா அத்தியாயத்தில் இறைவன் இருமுறை அறிவிக்கிறான். வீரமரணம் எய்தாமல், படுக்கையில் கிடந்து தௌபாச் செய்து இறக்கும் சாதாரண மனிதனுக்கும் அருளின் கதவு அடைக்கப்படவில்லை. தௌபாவின் நிபந்தனைகளை வகுத்துரைத்தவர்களுள், நம் நாட்டு மதரஸாக்களில் இன்றும் பயிலப்படும் ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ நூலின் ஆசிரியரும் 1277இல் காலமானவருமாகிய இமாம் நவவீ அவர்கள் முக்கியமானவர். பாவத்தை விட்டொழித்தல், செய்ததற்கு வருந்துதல், மீண்டும் செய்வதில்லை என்று உறுதிகொள்ளுதல் ஆகிய மூன்றும் எல்லாப் பாவத்துக்கும் பொது என்று கூறி, அப்பாவம் இன்னொரு மனிதனைச் சார்ந்ததாயின் அவனுக்குரியதை அவனிடம் சேர்ப்பித்தல் நான்காவது நிபந்தனை என்று அவர் சேர்க்கிறார். ஷஹீதைப் பற்றிய விலக்கும் இந்நான்காவது நிபந்தனையும் ஒரே வேரில் முளைத்தவை.

பிற சமயத்தார்க்கு இங்கே ஒரு சந்தேகம் எழக்கூடும். கிறிஸ்தவ சித்தாந்தத்தில் ஒருவருடைய மரணம் மற்றெல்லாருடைய பாவத்துக்கும் பிராயச்சித்தமாக அமைவதுபோல, ஷஹீதின் மரணமும் சமுதாயத்தின் பாவத்தைக் கழுவுகிறதா என்பதே அச்சந்தேகம். இல்லையென்பதே பொதுவான விடை. ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்னும் நியதியைக் குர்ஆன் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வலியுறுத்துகிறது. ஷஹீத் தம் உறவினருள் எழுபதுபேருக்காகப் பரிந்து பேச அனுமதிக்கப்படுவார் என்னும் ஹதீஸ் உண்டு. ஆனால் பரிந்து பேசுதல் வேறு, பிறர் பாவத்தைத் தாம் ஏற்றுக்கொள்ளுதல் வேறு.

மரணத்தின் தகுதியை நிர்ணயிப்பது நிய்யத், அதாவது உள்ளத்தின் எண்ணம். 797இல் காலமான அப்துல்லாஹ் இப்னுல் முபாரக் அவர்கள், பைஸாந்தியப் பேரரசின் எல்லையிலே தாமே காவற்பணி புரிந்தவர். ஜிஹாதைப் பற்றிய தனிநூல்களுள் இன்று நமக்குக் கிடைத்திருப்பவற்றில் மிகப் பழமையானது அவர் தொகுத்தது. போர்க்களத்தில் கொல்லப்படுவோர் மூவகையினர் என்று கூறும் உத்பா இப்னு அப்திஸ் ஸுலமீ (ரலி) அவர்களின் அறிவிப்பை அவர் அந்நூலிலே சேர்த்திருக்கிறார். உண்மை விசுவாசியாக உயிரையும் பொருளையும் தந்து மடிந்தவர் ஒருவர்; பாவங்கள் பல செய்து, அவற்றுக்கு அஞ்சி, போரிட்டு மடிந்தவர் இன்னொருவர், அவருடைய பிழைகளை வாள் துடைத்துவிடுகிறது; மூன்றாமவர் நயவஞ்சகர், அவரும் அதே களத்தில் அதே வாளால் மடிகிறார், ஆயினும் நயவஞ்சகத்தைத் துடைக்கும் ஆற்றல் வாளுக்கு இல்லை. இம்மூவரையும் அடக்கம் செய்வோர் கண்களுக்கு வேற்றுமை ஒன்றும் புலப்படாது என்பதே இவ்வறிவிப்பில் நம்மை அச்சுறுத்தும் பகுதி.

இதனினும் கடுமையானது, அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்து முஸ்லிம் இமாம் பதிவுசெய்திருக்கும் ஹதீஸ். மறுமையில் முதன்முதலாகத் தீர்ப்பளிக்கப்படுவோருள் போரில் மடிந்த ஒருவரும் இருப்பார்; வீரன் என்று உலகம் புகழவேண்டும் என்பதற்காகவே அவர் போரிட்டமையாலும், அப்புகழ் உலகிலேயே அவருக்குக் கிட்டிவிட்டமையாலும், முகங்குப்புற இழுத்துச் செல்லப்பட்டு நரகில் எறியப்படுவார் என்பது அதன் கருத்து. உஹதுக் களத்தில் எதிரிகள் பலரை வீழ்த்திய குஸ்மான் என்பவருடைய வரலாற்றையும் இப்னு இஸ்ஹாக் கூறுகிறார். தம் குலத்தின் மானத்துக்காகவே போரிட்டதாகத் தாமே ஒப்புக்கொண்ட அவர், காயங்களின் வேதனை பொறாமல் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவர் நரகவாசி என்று நாயகம் அவர்கள் முன்னரே சொல்லியிருந்தார்கள்.

இனி, விலக்குக்கு வருவோம். நாயகம் அவர்கள் ஒருநாள் தோழர்களிடையே நின்று உரையாற்றுகையில், ஒருவர் எழுந்து, இறைவன் பாதையில் தாம் கொல்லப்பட்டால் தம் பாவங்கள் தம்மைவிட்டு நீங்குமா என்று வினவினார். பொறுமையோடும், இறைவனிடம் நற்கூலியை எதிர்பார்த்தும், புறங்காட்டாது முன்னேறியும் கொல்லப்பட்டால் நீங்கும் என்று விடை வந்தது. சிறிது நேரம் கழித்து, அவருடைய வினாவையே மீண்டும் கூறச்செய்து, அதே விடையைத் திரும்பச் சொல்லி, கடன் நீங்கலாக என்று ஒரு சொல்லைச் சேர்த்து, இதனை ஜிப்ரீல் தமக்கு அறிவித்ததாகவும் நாயகம் அவர்கள் கூறினார்கள். இந்நிகழ்ச்சியை அறிவித்தவர் அபூகதாதா (ரலி) அவர்கள். முஸ்லிம் இமாமின் தொகுப்பில் இது இருக்கிறது. கடன் வைத்திருப்பவர் மும்முறை கொல்லப்பட்டு உயிர்ப்பிக்கப்பட்டாலும் அது தீரும்வரை சுவர்க்கம் புகமாட்டார் என்னும் பொருளுடைய அறிவிப்பை நஸாயீ இமாம் தருகிறார். கடலில் ஷஹீதானவருக்குக் கடனும் மன்னிக்கப்படும் என்று இப்னு மாஜாவில் ஓர் அறிவிப்பு காணப்பட்டாலும், ஹதீஸ்கலை வல்லுநர்கள் அதனை வலுவற்றதென்று ஒதுக்கிவிட்டனர்.

கடன் என்று குறிப்பிட்டது ஓர் உதாரணமே. மனிதர்களுக்குரிய உரிமைகள் அனைத்தையும் அது சுட்டுகிறது என்பது நவவீ அவர்களின் வியாக்கியானம். ஜிஹாதும் ஷஹாதத்தும் ஏனைய நற்கருமங்களும் இறைவனுக்குரிய உரிமைகளில் நேர்ந்த குறைகளுக்குப் பரிகாரமாகுமேயன்றி, மனிதருக்குரிய உரிமைகளுக்கு ஆகமாட்டா என்று அவர் தீர்த்துரைக்கிறார். இவ்வொரு வாக்கியத்தில் இஸ்லாமிய அறநெறியின் உயிர்நாடியே அடங்கியிருப்பதாக நான் நினைக்கிறேன். சர்வ வல்லமையுள்ள இறைவன், தனக்கு இழைக்கப்பட்ட குற்றத்தை ஒரு கணத்தில் மன்னித்துவிடுகிறான். ஆனால் ஏழை வணிகன் ஒருவனுக்குச் சேரவேண்டிய காசை அவனுடைய சம்மதமின்றித் தள்ளுபடி செய்ய ஒப்புவதில்லை.

இக்கொள்கை நாயகம் அவர்களின் நடைமுறையில் எவ்வாறு விளங்கிற்று என்பதற்கு மூன்று நிகழ்ச்சிகளைக் கூறலாம். 625ஆம் ஆண்டு உஹதில் ஷஹீதான சுமார் எழுபதுபேருள் ஒருவர், ஜாபிர் (ரலி) அவர்களின் தந்தையாகிய அப்துல்லாஹ் இப்னு அம்ர் இப்னு ஹராம். இறைவன் அவரோடு திரையின்றி நேருக்கு நேர் பேசினான் என்று திர்மிதீயில் காணப்படும் அளவுக்கு அவருடைய பதவி உயர்ந்தது. அத்தகையவர், புதல்வியர் பலரையும், பெருங்கடனையும் விட்டுச்சென்றிருந்தார். கடன் கொடுத்தவர்கள் நெருக்கவே, ஜாபிர் அவர்கள் நாயகத்தை நாடினார். தோட்டத்தின் கனிகளைப் பெற்றுக்கொண்டு எஞ்சியதை விட்டுவிடுமாறு நாயகம் அவர்கள் பரிந்து கேட்டும், அவர்கள் இணங்கவில்லை. மதீனாவின் தலைவராகவும் இறைத்தூதராகவும் இருந்தவர், ஷஹீதின் பெயரால் அக்கடனை ரத்து செய்து ஆணையிட்டிருக்கலாம், அவ்வாறு செய்யவில்லை. பேரீச்சம்பழக் குவியல்களிடையே வந்து பிரார்த்தித்தார்கள். பழங்கள் அளந்து கொடுக்கப்பட்டன. கடன் முழுவதும் தீர்ந்த பின்னரும் குவியல் குறையாதிருந்தது என்று புகாரீ இமாமின் தொகுப்பு கூறுகிறது. இதில் அற்புதத்தை மட்டும் கண்டு வியப்போர் பலர். அற்புதமே நிகழ்ந்தபோதிலும் கடன் கொடுத்தவர்க்கு அளக்கப்பட்ட அளவில் ஒரு படியும் குறையவில்லை என்பதையே நான் பெரிதாகக் கொள்கிறேன்.

இரண்டாவது, கைபர்ப் போர் முடிந்து திரும்பும் வழியில் 628ஆம் ஆண்டு நிகழ்ந்தது. நாயகம் அவர்களின் பணியாளராகிய மித்அம் என்பவர், ஒட்டகத்தினின்று சுமையை இறக்கிக்கொண்டிருக்கையில் எங்கிருந்தோ வந்த அம்பு தைத்து மாண்டார். அவருக்குச் சுவர்க்கம் கிட்டிவிட்டதென்று மக்கள் வாழ்த்தினர். அவ்வாறன்று என்று மறுத்த நாயகம் அவர்கள், போர்ப்பொருள்கள் பங்கிடப்படுவதற்கு முன் அவர் எடுத்துக்கொண்ட போர்வை ஒன்று அவர்மீது நெருப்பாக எரிவதாகக் கூறினார்கள். அதனைக் கேட்டு ஒருவர் நடுநடுங்கி, தாம் எடுத்திருந்த செருப்பு வார்களைக் கொண்டுவந்து ஒப்படைத்தார். பொதுச்சொத்தில் ஒரு போர்வை; அவ்வளவே.

மூன்றாவது, ஜனாஸாத் தொழுகையைப் பற்றியது. கொண்டுவரப்பட்ட மய்யித்துக்குக் கடன் பாக்கி இருப்பதையும், அதனைத் தீர்க்கப் பொருளொன்றும் அவர் விட்டுச்செல்லவில்லை என்பதையும் அறிந்த நாயகம் அவர்கள், தாம் தொழுவிக்க முன்வராமல், தோழர்களையே தொழுதுகொள்ளுமாறு பணித்தார்கள். அப்பொழுது அக்கடனுக்குத் தாம் பொறுப்பென்று முன்வந்தவர், விலக்கைப் பற்றிய ஹதீஸை அறிவித்த அதே அபூகதாதா அவர்களே. தொகை இரண்டு தீனார் என்று ஓர் அறிவிப்பும், மூன்றென்று மற்றோர் அறிவிப்பும் கூறுகின்றன. பின்னாளில் பைத்துல்மாலாகிய பொதுக் கருவூலத்தில் பொருள் சேர்ந்தபோது, வகையின்றி இறப்போர் விட்டுச்செல்லும் கடனை நாயகம் அவர்கள் தம் பொறுப்பாகவே ஏற்றுக்கொண்டார்கள். இன்றும் தமிழ் முஸ்லிம்களிடையே, ஜனாஸாத் தொழுகைக்கு முன்னர் மய்யித்தின் மகனோ உடன்பிறந்தவரோ எழுந்து நின்று, இறந்தவரிடமிருந்து யாருக்கேனும் வரவேண்டியது இருந்தால் தம்மிடம் பெற்றுக்கொள்ளுமாறும், மனம் நோக ஏதும் நடந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுமாறும் வந்திருப்போரை வேண்டிக்கொள்ளும் வழக்கம் இம்மரபினின்று வந்ததேயாகும்.

கடனாளிகள் அனைவரையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமன்று என்பதையும் அறிஞர்கள் உணர்ந்திருந்தனர். திருப்பித் தரும் எண்ணத்தோடு வாங்கி, இயலாமையால் தராமற்போனவர் சார்பில் இறைவனே கொடுத்துவிடுவான் என்று புகாரீயில் ஒரு நபிமொழி இருக்கிறது. குர்துபீ இமாம் அவர்களும் இதற்கேற்ப, வசதியிருந்தும் கொடுக்காதவர், தீர்க்கப் பொருள் விட்டுச்சென்றும் அதுபற்றி மரண சாசனம் செய்யாதவர், வீண்செலவுக்காகக் கடன்பட்டவர் ஆகியோரைப் பற்றியதே அவ்வெச்சரிக்கை என்று விளக்குகிறார். வறுமையாலும் நோயாலும் கடன்பட்டு இறந்தோரின் குடும்பங்களுக்கு இவ்விளக்கம் பேராறுதல்.

ஷஹீத் என்னும் பதவி போர்க்களத்தோடு முடிந்துவிடுவதுமன்று. கொள்ளைநோயாலும், வயிற்று நோயாலும், நீரில் மூழ்கியும், இடிபாட்டில் சிக்கியும் இறந்தோரும் ஷஹீதுகளே என்று நாயகம் அவர்கள் கூறியிருக்கிறார்கள். இமாம் மாலிக் அவர்களின் ‘முவத்தா’, தீயில் வெந்தோரையும், கருவுற்ற நிலையில் மாண்ட பெண்ணையும் சேர்க்கிறது. தம் பொருளைக் காக்கப் போராடிக் கொல்லப்பட்டவரும் ஷஹீதே. 639ஆம் ஆண்டு பாலஸ்தீனத்தில் அம்வாஸ் என்னுமிடத்தில் தோன்றிப் பரவிய கொள்ளைநோயில், சிரியப் படைத்தலைவர் அபூஉபைதா, முஆத் இப்னு ஜபல் போன்ற பெருந்தோழர்கள் மறைந்தபோது, மக்களைத் தேற்றியது இந்நம்பிக்கையே. 1449இல் கெய்ரோவில் காலமான இப்னு ஹஜர் அஸ்கலானீ அவர்கள், தம் புதல்வியரைக் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்தவர்; அந்நோயைப் பற்றியும், அதில் இறப்போர்க்குரிய ஷஹாதத்தைப் பற்றியும் அவர் தனிநூலே இயற்றியிருக்கிறார். பிரசவத்தில் மாண்ட பெண்ணையும் கடலில் மாண்ட மீனவனையும் படைவீரனுக்கு இணையாக வைத்த இம்மரபு, ஷஹாதத் என்பது பிறரைக் கொல்லும் செயலோடு தொடர்புடையது என்னும் தவறான எண்ணத்தை முற்றிலும் தகர்த்துவிடுகிறது.

சட்ட வல்லுநர்கள் இதனையொட்டி ஷஹீதுகளை மூவகையாகப் பிரித்தனர். இம்மை மறுமை இரண்டிலும் ஷஹீதாக விளங்குவோர். கொள்ளைநோய் முதலியவற்றால் இறந்து மறுமையில் மட்டும் அப்பேற்றைப் பெறுவோர். களத்தில் மடிந்தும், போர்ப்பொருளைத் திருடியதாலோ புறங்காட்டி ஓடியதாலோ உலகில் மட்டும் ஷஹீதாக நடத்தப்படுவோர். களத்தில் மடிந்தவர் குளிப்பாட்டப்படாமல், குருதி தோய்ந்த உடையோடு அடக்கம் செய்யப்படுகிறார். அவருக்குத் தொழுகை இல்லை என்பது ஷாஃபிஈ மத்ஹபு. உண்டு என்பது ஹனஃபீ மத்ஹபு. தமிழகத்தின் கடற்கரை ஊர்களில் பெரும்பாலும் முன்னதும், உள்நாட்டில் பெரும்பாலும் பின்னதும் வழங்கிவருவதால், இக்கருத்து வேற்றுமை நம்மவர்க்குப் புதிதன்று.

ஷஹாதத்தையும் பாவமன்னிப்பையும் இணைத்துப் பேசும் ஆராய்ச்சி எதுவும் கர்பலாவைத் தவிர்த்துவிட்டுச் செல்ல முடியாது. 680ஆம் ஆண்டு, முஹர்ரம் பத்தாம் நாள் காலையில், நாயகத்தின் பேரராகிய ஹுசைன் (ரலி) அவர்களை முன்னர் வழிமறித்து அக்களத்துக்குத் திருப்பிய குதிரைப்படையின் தலைவர் ஹுர் இப்னு யஸீத், எதிரணியினின்று விலகி வந்து, தமக்கு மன்னிப்பு உண்டா என்று ஹுசைன் அவர்களிடமே கேட்டார். உண்டென்று விடை பெற்று, அவருக்காகப் போரிட்டு மடிந்தார். யாருக்குத் தீங்கிழைத்தாரோ அவரிடமே முதலில் சென்று பொறுத்தருளக் கேட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஹுசைனைக் கடிதங்கள் எழுதி வரவழைத்துக் கைவிட்ட கூஃபா நகரத்தாருக்கு அவ்வாய்ப்பு கிட்டவில்லை. ஸுலைமான் இப்னு ஸுரத் என்னும் முதிய நபித்தோழரின் தலைமையில், தவ்வாபூன் என்று சரித்திரம் பெயரிட்டழைக்கும் சுமார் 4,000 பேர் திரண்டு, கர்பலாவில் ஹுசைனுடைய கபுரருகே அழுது புலம்பி, 685ஆம் ஆண்டு அய்னுல் வர்தா என்னுமிடத்தில் பன்மடங்கு பெரிய உமையாப் படையை எதிர்த்துப் பெரும்பாலோர் மாண்டனர். கன்றை வணங்கிய இஸ்ரவேலருக்கு விதிக்கப்பட்ட கடுந்தண்டனையைக் கூறும் குர்ஆன் வசனத்தையே அவர்கள் தமக்கு மேற்கோளாகக் கொண்டனர். அவர்களுடைய துயரம் நெஞ்சை உருக்குகிறது. எனினும் அவ்வழி பின்வந்த தலைமுறைகளுக்குச் சட்டமாகவில்லை.

இந்நாளில், வழிபாட்டிடங்களிலும் சந்தைகளிலும் வெடிபொருள்களோடு புகுந்து, தம்மையும் குற்றமற்றோரையும் ஒருங்கே அழிப்பவர்கள், தம் பாவங்கள் அக்கணமே கழுவப்படுமென்று கற்பிக்கப்படுகிறார்கள். தற்கொலையைக் குர்ஆன் தடுக்கிறது. போரிலும் பெண்களையும் குழந்தைகளையும் கொல்வதை நாயகம் அவர்கள் தடுத்தார்கள். இவை பலர் அறிந்தவை. கடன் பற்றிய விலக்கையும் இவற்றோடு சேர்த்துச் சிந்திக்க வேண்டும். மறுமையில் மனிதர்களுக்கிடையே முதன்முதலாகத் தீர்க்கப்படுவது சிந்தப்பட்ட குருதியைப் பற்றிய வழக்கே என்று புகாரீ, முஸ்லிம் இருவரும் பதிவுசெய்துள்ளனர். உண்மையான ஷஹீதுக்கே இரண்டு தீனார் தள்ளுபடியாவதில்லை என்றால், தெருவில் நடந்து சென்ற குழந்தையின் உயிர் தள்ளுபடியாகும் என்று போதிப்பவன், நபியின் பெயரால் பொய்யுரைக்கிறான் என்றே கூறுவேன்.

நாயகத்தின் தோழர்கள் இவ்விலக்கைத் தம்மைக் குறித்ததாகவே கொண்டிருந்தனர். ஷஹீத் என்று நாயகம் அவர்களாலேயே முன்னறிவிக்கப்பட்ட உமர் (ரலி) அவர்கள், 644ஆம் ஆண்டு மதீனாப் பள்ளியில் குத்துண்டு கிடக்கையில், தம் மகன் அப்துல்லாஹ்வை அழைத்துத் தம் கடனைக் கணக்கிடச் சொன்னார். 86,000 அளவில் இருந்த அத்தொகையைக் குடும்பச் சொத்திலிருந்தும், போதாவிடில் பனூ அதீ குலத்தாரிடமிருந்தும், பின்னும் போதாவிடில் குறைஷியரிடமிருந்தும் திரட்டித் தீர்க்குமாறு பணித்தார். 656ஆம் ஆண்டு பஸ்ராவுக்கருகே ஒட்டகப் போர் நிகழ்ந்த நாளில், தாம் அன்று அநியாயமாகக் கொல்லப்படுவோம் என்று உணர்ந்த ஸுபைர் (ரலி) அவர்கள், தமக்குள்ள பெருங்கவலை கடனைப் பற்றியதே என்று கூறி, அதனைத் தம் மகனிடம் ஒப்படைத்தார். பிறர் தம்மிடம் வைக்க வந்த அமானிதங்களை, தொலைந்துபோனால் உரியவர்க்கு நஷ்டமாகுமே என்று கடனாகவே ஏற்றுவந்தமையால் சேர்ந்த அத்தொகை 22 லட்சம். அவருடைய மகன் நிலங்களை விற்று அதனைத் தீர்த்தார். வாரிசுகள் தத்தம் பங்கைக் கேட்டபோது அவர் இணங்கவில்லை. தொடர்ந்து நான்கு ஹஜ்ஜுக் காலங்களில், ஸுபைர் யாருக்கேனும் கடன்பட்டிருந்தால் வந்து பெற்றுக்கொள்ளலாம் என்று மக்கள் கூட்டத்தில் பறைசாற்றுவித்தார். வருவார் எவருமில்லை என்பது உறுதியான பின்னரே ஸுபைருடைய சொத்து அவருடைய மனைவி மக்களுக்குப் பங்கிடப்பட்டது.